கிருமி என்று ஒரு செல்லப் பெயர்

மழை அப்படியொன்றும் பெரிய மழை இல்லை. ஆனால் அவனுக்கு வேண்டியது அந்த மழைதான்...

மருத்துவமனைக்கு எதிரே தகரக் கூரை போட்ட பேருந்து நிறுத்தம். கூரையில் விழும் துளி, பள்ளத்தில் விழும் துளி, தூரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வண்டி... எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. காதில் ஹெட்போனோடு, ஒலிப்பதிவுக் கருவியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி நின்றான். செய்தி நிறுவனம் ஒன்றில், கைபேசியில் கேட்கிற 'பாட்காஸ்ட்' நிகழ்ச்சிகள் செய்பவன் அவன். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி ஒரு தொடர் செய்துகொண்டிருந்தான். அதன் ஆரம்பத்துக்குத்தான் இந்த மழை.

அப்போது மழையின் நடுவில் ஒரு குரல் வந்து விழுந்தது.

"சித்தப்பா, அது மாத்திரை. தெருவுக்கே எடுத்து நீட்ட அதென்ன மிட்டாயா?"

திரும்பிப் பார்த்தான். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டியது. மடித்த வெள்ளைக் கோட்டை மட்டும் நனையாமல் நெஞ்சோடு அணைத்திருந்தாள். கண்கள்... அந்தக் கண்களில் கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், அடுப்பில் வைத்த பாலைப் போல ஏதோ ஒன்று பொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க பல்லு வலிக்கு டாக்டர் குடுத்ததுல மிச்சம் இருந்தா அத பக்கத்து வீட்டுக்காரர் சளிக்குக் குடுப்பீங்களா? சளிக்கு அது கேக்காது சித்தப்பா. வீட்டுக்குள்ள எலி பூந்திடுச்சுன்னு கொசுவத்தி கொளுத்துவீங்களா? எலி பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். கொசு என்ன பண்ணும் தெரியுமா? அந்தப் புகைக்குப் பழகிக்கும். அப்புறம் நெஜமாவே கொசு தொல்லை வர்றப்போ, நீங்க வத்திய ஏத்தி வெச்சா அது மேல வந்து உக்காந்து குளிர் காயும். சிரிக்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவ புடுங்கி வெக்கறேன் பாருங்க."

பேச்சை முடித்து நிமிர்ந்தவள், தன்னையே பார்த்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கருவியில் சிவப்பு விளக்கு எரிவதையும் பார்த்தாள்.

"என்ன அது?"

"மழை... மழைய பதிவு பண்ணிட்டிருந்தேன். நீங்க அத கெடுத்துட்டீங்க."

"ஓ. நீங்க சொந்தமா வெச்சிருந்த மழையா? தெரியாம பேசிட்டேன். ஆமா, நான் பேசினதும் அதுல விழுந்திருக்கா?"

"எல்லாம் விழுந்திருக்கு. எலி, கொசு, சித்தப்பா..."

"அழிங்க."

"அழிக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இதப் பத்திப் பேச இதுவரைக்கும் எத்தனையோ பெரிய டாக்டருங்ககிட்ட போயிட்டேன். பேசி முடிச்சதும் எனக்கே தூக்கம் வந்துடும். நீங்க கொசுவத்திய வெச்சு சொன்னது எனக்கு இந்த ஜென்மத்துக்கும் மறக்காது."

புகழ்கிறானா, தப்பிக்கப் பார்க்கிறானா? அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் அவன் அவள் எதிரிலேயே பொத்தானை அழுத்தி, பதிவு அழிந்து போனதைக் காட்டினான். நல்ல மழையும் சேர்ந்து போனது. அவன் முகம் கொஞ்சம் தொங்கிப் போனதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பேருந்து வந்தது. ஏறுகிற படியில் நின்றுகொண்டே சொன்னாள்.

"எதிர்ல இருக்கற ஆஸ்பத்திரிதான். ரெண்டாவது மாடி, கிருமி சோதிக்கிற லேப். வர்றதுன்னா சொல்லிட்டு வாங்க. ஒட்டுக் கேக்க வராதீங்க."

வீட்டில் அவளுக்குப் பெயரே 'கிருமி'தான். நுண்ணுயிரியல் படிக்கச் சேர்ந்த நாளில் சித்தப்பா வைத்த பெயர். பெற்றோர் வெளியூரில் இருக்க, படிப்புக்காகச் சித்தப்பா வீட்டுக்கு வந்தவள், படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளையில்லாத வீட்டுக்கு அவள்தான் பிள்ளை. பேருந்து ஓட்டும் சித்தப்பா வீட்டுக்குள் நுழையும்போதே "கிருமி எங்கே?" என்றுதான் நுழைவார். "வீட்டு மானத்த வாங்காதீங்க, யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க" என்று சித்தி உள்ளிருந்து சத்தம் போடுவாள்.

அவன் சொல்லிவிட்டுத்தான் வந்தான். ஒருமுறை இல்லை, பலமுறை வந்து அவள் பேசியதை நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்தான்.

வட்டமான சின்னக் கண்ணாடித் தட்டுகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். தட்டு முழுக்க மெல்லிய பனி படிந்தது போல் கிருமி வளர்ந்திருந்தது. அதன்மேல் பொட்டு பொட்டாகக் காகித வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து. சில வில்லைகளைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வளையம் இருந்தது.

"வளையம் இருந்தா அங்க மருந்து ஜெயிச்சிருக்குன்னு அர்த்தம். கிருமி கிட்டவே வர முடியல. இந்த வில்லைய பாருங்க... ஒட்டி உரசிட்டு வளந்திருக்கா? இங்க கிருமி ஜெயிச்சிடுச்சு."

"இதுக்கு ஏதாவது சத்தம் இருக்கா?"

"எதுக்கு, கிருமிக்கா?"

"நான் பாட்காஸ்ட்காரன். எதையாவது கேட்டாத்தான் எனக்குப் புரியும்."

அவள் யோசித்தாள். தட்டை மேசையில் வைக்கும்போது எழுந்த மெல்லிய 'டக்' ஓசையைப் பதிவு செய்யச் சொன்னாள். பிறகு தட்டுகளைச் சூடாக வைக்கும் பெட்டியின் கதவு, மூடும்போது பெருமூச்சு விடுவதைக் கேட்கச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பள்ளிக்கூடப் பிள்ளை பாடத்தைக் கேட்கிற மாதிரி... இவ்வளவு கவனமாக ஒரு ஆள் கேட்பானா? பேசுகிறவர்களைத்தான் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கேட்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

'போதும், ரொம்பப் பார்க்காதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டைப் பார்த்தாள்.

அவனும் கேள்விகள் தீர்ந்த பிறகும் கேள்வி கேட்டான். சோதனைக்கூடத்துக்குக் கீழே இருந்த சிற்றுண்டிக் கடையில் தேநீர் ஆறிப்போகும் வரை பேசினார்கள். வீட்டுக்குப் போனால் சித்தப்பா கேட்பார். "கிருமி, இன்னிக்கு அந்தத் தம்பி என்ன கேட்டுச்சு?" அவள் சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தைச் சித்தி கவனித்துக்கொண்டே இருப்பாள்.

நிகழ்ச்சி வெளியான வாரம் சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பணிமனையில் இருந்த ஓட்டுநர்கள், நடத்துநர்கள் எல்லோர் கைபேசியிலும் அதைப் போட்டுக் காட்டினார். நிகழ்ச்சிக்குத் தலைப்பு, 'மருந்துக்குக்கூட மருந்தில்லை'. அவன் வேலை செய்யும் நிறுவனத்தில் அதற்கு முன்பு எந்த நிகழ்ச்சியையும் இத்தனை பேர் கேட்டதில்லை. முடிவில் அவள் குரல் வரும். "எல்லா மருந்தையும் எதிர்த்து நிக்கற கிருமிய நான் என் கண்ணால பாத்திருக்கேன். அந்த நோயாளிக்குக் குடுக்க நம்மகிட்ட மருந்துக்குக்கூட ஒரு மருந்து இல்ல." அதோடு முடிந்துவிடும். பிறகு நீண்ட மௌனம். கேட்டவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அந்த மௌனத்தை வைத்ததற்காக நிறுவனத்தின் செய்தி ஆசிரியரம்மா அவனைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அவள் அதைக் கேட்கவில்லை. தன் குரலைத் தானே கேட்க வெட்கம். 'அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டாள்.

அந்தச் சமயத்தில் சித்தப்பாவுக்குக் காலில் ஒரு புண். பேருந்துப் படியின் விளிம்பு கிழித்தது. சீழ் பிடித்ததால் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். "ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று அவள் தினமும் கேட்பாள். "ம்" என்பார். அந்த 'ம்' பொய் என்று அவளுக்குத் தெரிந்தபோது, கால் பானை மாதிரி வீங்கி, காய்ச்சலில் அவர் உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். கையில் ஊசி குத்த வந்த நர்ஸிடம் சித்தப்பா வாதாடிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா வீணா குத்தறே? இனிமே எந்த மருந்தும் வேலை செய்யாதுன்னு எங்க வீட்டுப் பொண்ணே சொல்லிடுச்சே."

"நான் எப்ப சொன்னேன் சித்தப்பா?"

"பாட்காஸ்ட்ல சொன்னியே கிருமி. அத கேட்டப்புறம்தான் மாத்திரைய நிறுத்தினேன். கேக்காத மருந்த எதுக்கு விழுங்கணும்?"

அவள் வராந்தாவுக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்று, முதல்முறையாக அந்த நிகழ்ச்சியை முழுக்கக் கேட்டாள். கடைசி வாக்கியம் வந்தது. பிறகு மௌனம். அவள் அதற்கு அடுத்துச் சொன்னது எங்கே? காத்திருந்தாள்... மௌனம் மட்டும்தான் இருந்தது.

அவன் வேறு விஷயமாக அவள் வீட்டுக்குப் போன் செய்து, சித்தி சொல்லி விவரம் தெரிந்து, அடித்துப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தான். வராந்தாவில் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவன் எத்தனையோ தரம் ரசித்த அந்தக் கண்கள் அவனை யாரோ என்பது போல் பார்த்தன.

"நான் சொன்னதுல பாதிதான் அதுல இருக்கு."

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைய கூட நான் மாத்தலங்க."

"மாத்தல. வெட்டினீங்க."

"நேரம்... நிகழ்ச்சி நீளமா போயிட்டிருந்தது. அங்க நிறுத்தினா கேக்கறவங்க மனசுல நிக்கும்னு..."

"நின்னுடுச்சு. எங்க சித்தப்பா மனசுல நல்லா நின்னுடுச்சு. உள்ள போய்ப் பாருங்க. இல்ல... வேணாம். போயிடுங்க."

அவனுக்கும் சுருக்கென்றது. ஊரே பாராட்டிய வேலை அது. வந்த வேகத்தில் ஏதோ சொல்லத் தோன்றியது. ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் திரும்பி நடந்தான்.

'போகச் சொன்னால் போய்விடுவதா? அவ்வளவுதானா?' என்று அவள் மனசு அதற்கும் கோபப்பட்டது.

சித்தப்பா பிடிவாதத்திலிருந்து இறங்கி வரவில்லை. மருத்துவர் சொல்லிப் பார்த்தார். சித்தி அழுது பார்த்தாள். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தட்டு, வில்லை, வளையம் எல்லாம் சொன்னாள். அவர் அவள் தலையைத் தடவினார்.

"நீ வீட்ல சொல்றது சித்தப்பாவுக்காக சொல்றது கிருமி. சித்தப்பா பயந்துடக் கூடாதுன்னு நல்லதா சொல்லுவ. அதுல சொன்னது ஊருக்கு சொன்னது. ஊருக்கு நீ பொய் சொல்ல மாட்ட."

காய்ச்சல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

அன்று மாலையே அவன் திரும்பி வந்தான். தோளில் பை, கையில் ஹெட்போன். அவளைப் பார்த்து ஒரு நொடி தயங்கினான். ஆனால் அவளிடம் வரவில்லை. நேராகச் சித்தப்பாவின் கட்டில் பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"ஐயா, அந்த நிகழ்ச்சிய செஞ்சவன் நான்தான்."

"அடடே, நீதானா தம்பி? ரொம்ப நல்லா செஞ்சிருந்த."

"நல்லா செய்யலங்க. கடைசில ஒரு துண்ட வெட்டிட்டேன். வெட்டாதத எடுத்துட்டு வந்திருக்கேன். இதுவும் அவங்க ஊருக்கு சொன்னதுதான். கேக்கறீங்களா?"

ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, காது வலிக்காமல் இரண்டு பக்கமும் மெல்லச் சரிசெய்தான். பொத்தானை அழுத்தினான். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்பதை அப்படியே முணுமுணுத்த சித்தப்பாவின் உதடு அசைவதிலிருந்து தன் வார்த்தைகள் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டாள்... 'ஆனா அது எப்பவோ ஒரு தட்டு. மத்த தட்டுல எல்லாம் ஏதாவது ஒரு மருந்து இன்னும் ஜெயிச்சிட்டுதான் இருக்கு. அது இனிமேலும் ஜெயிக்கணும்னா டாக்டர் குடுத்தத குடுத்த மாதிரி சாப்பிடுங்க. குடுக்கலன்னா நீங்களா கேட்டு வாங்காதீங்க.'

சித்தப்பா இன்னொரு தரம் போடச் சொன்னார். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"நல்லாத்தானே சொல்லியிருக்கு. இத ஏன் தம்பி வெட்டின?"

"பயம் காட்டினா நிறைய பேர் கேப்பாங்கன்னு நினைச்சேங்க."

"நான் கேட்டேன். பயந்தேன்." சித்தப்பா நர்ஸைப் பார்த்துக் கையை நீட்டினார். "குத்தும்மா. மெதுவா குத்து."

புண்ணிலிருந்து எடுத்த கிருமி அவள் சோதனைக்கூடத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. இப்போது கொடுக்கும் மருந்து கேட்குமா, கேட்காதா? தட்டு வளர்ந்தால்தான் தெரியும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முடிவு வர வேண்டிய காலையில் பெட்டியின் கதவைத் திறக்காமல் தள்ளி நின்றாள். கூட வேலை செய்யும் அக்காதான் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

பல வில்லைகளை ஒட்டி உரசி வளர்ந்திருந்தது அந்தப் பாவி கிருமி. ஆனால் ஓரத்தில் ஒரு வில்லையைச் சுற்றி... அகலமாக, பளிச்சென்று, மழை விட்ட வானத்து நிலா மாதிரி ஒரு வளையம். சித்தப்பாவின் கையில் ஏறிக்கொண்டிருந்ததும் அதே மருந்துதான்.

படிக்கட்டில் ஓடி இறங்கினாள். வராந்தா பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"வளையம் இருக்கு," என்றாள் மூச்சு வாங்க. அவனிடம் பேசக் கூடாது என்று வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்ன செய்வது, சொல்லியாயிற்று.

"பெருசா?"

"பெருசு." கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். அவன் முகம் விரிந்த விதத்தைப் பார்த்து அவளுக்குக் கோபத்தை எங்கே வைத்தோம் என்பதே மறந்து போனது.

அவன் அலுவலகத்தில் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிகழ்ச்சியை எடுத்துவிட்டு, வெட்டிய துண்டைச் சேர்த்து, முன்னால் தன் குரலிலேயே விளக்கமும் சொல்லித் திரும்பப் போடவேண்டும் என்று ஆசிரியரம்மாவிடம் நின்றிருக்கிறான். "இவ்வளவு ஓடறதுல யாராவது கை வைப்பாங்களா?" என்று கேட்டிருக்கிறார். "ஓடிப் போய் ஒருத்தர் கால்ல விழுந்திருக்கு மேடம்," என்றிருக்கிறான். கடைசியில் அவர் சம்மதித்தார். தலைப்பும் மாறியது.

உடம்பு தேறியதும் அடுத்த நிகழ்ச்சியில் சித்தப்பாவே பேசினார். எத்தனையோ வருடம் பேருந்து ஓட்டிய குரல், கடைசி இருக்கை வரை கேட்கிற குரல். டப்பாவில் மாத்திரை சேர்த்து வைத்ததையும், தெருவுக்கே டாக்டராக இருந்ததையும், ஒரே நாளில் ஒன்றையும் தொடாத சாமியாராக மாறியதையும் அவர் சொல்லச் சொல்ல, பதிவு செய்துகொண்டிருந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். மிச்சம் வைத்திருந்த மாத்திரையை யாருக்கும் தராமல் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்ததாக அதைக் கேட்ட பலர் எழுதியிருந்தார்கள். சித்தப்பா எல்லாவற்றையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அதன்பிறகும் அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். "ஐயா கால் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பான். சித்தப்பா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக் காட்டுவார். பார்ப்பான். தேநீர் குடிப்பான். அடுத்த வாரம் திரும்ப வந்து பார்ப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவள் சமையலறையில் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எதையும் சுற்றி வளைக்காத சித்தி, கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"தம்பி, அவர் கால் ஆறி, வேலைக்கும் போக ஆரம்பிச்சிட்டார். இன்னிக்கு வீட்லயே இல்ல, வண்டி எடுக்கப் போயிட்டார். இன்னும் நீங்க எந்தக் கால பாக்க வர்றீங்க?"

சமையலறையில் ஒரு கோப்பை இன்னொரு கோப்பையில் இடித்தது.

ஊரெல்லாம் கேள்வி கேட்டே பிழைக்கிறவன், ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தான். சமையலறைப் பக்கம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கால பாக்க வரலம்மா. உங்க பொண்ண பாக்கத்தான் வர்றேன். முதல்ல இருந்தே அதுக்குத்தான் வந்தேன். சொல்ல தைரியம் இல்ல."

"இத சொல்ல இத்தனை டீயா குடிக்கணும்?" என்றாள் சித்தி. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் தெரியவில்லை. ஆனால் உள்ளே போகும்போது அங்கே நின்றிருந்தவள் தோளை இடித்துவிட்டு, "வாசல் வரைக்கும் போய் அனுப்பிட்டு வா," என்று முணுமுணுத்தாள்.

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். செருப்பைப் போடுகிற சாக்கில் அவன் குனிந்தே இருந்தான்.

"கோபமா?" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?"

"உங்ககிட்ட சொல்லாம அவங்ககிட்ட சொல்லிட்டேனே."

"நான்தான் சமையலறையில இருந்தேனே. எனக்கு நல்ல காது."

"அப்போ... உங்க பதில்?"

அவள் வாசல் கேட்டின் கம்பியில் விரலால் கோடு இழுத்தாள். எத்தனையோ தட்டுகளைப் பார்த்து, இது இருக்கிறது, இது இல்லை என்று பட்டென்று சொல்லிவிடுகிறவளுக்கு இப்போது சுற்றி வளைக்க வேண்டியிருந்தது.

"நீங்க வராத ஞாயித்துக்கிழமை ஒண்ணு இருந்துச்சு. ஏதோ ஊருக்குப் போயிருந்தீங்க. அன்னிக்கு நான் சாயந்திரம் வரைக்கும் இந்தக் கேட்டையே பாத்துட்டிருந்தேன். அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது... எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. போதுமா?"

"இன்னொரு தரம் சொல்லுங்களேன்."

"மாட்டேன். பஸ் போயிடும், கெளம்புங்க."

அவன் தெருவில் இறங்கிப் பின்பக்கமாகவே நடந்தான். எதிரே வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். அதுவும் அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"போயிட்டு வரேங்க," என்றான் முனையிலிருந்து.

அவள் சிரித்தாள். 'வாங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஏனோ அந்த மரியாதை அன்று நாவில் நிற்கவில்லை.

"போயிட்டு... வா."